ஊதா நிறம் சொன்ன பொய்!

"தம்பி, இந்தக் கறுப்புப் பொடி ஆம்பளைங்களை ஏதாச்சும் பண்ணுமா?"

எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் இப்படிக் கேட்டபோது சாயங்காலம் ஏழு மணி இருக்கும். லேபில் நானும் அவரும் மட்டும்தான். எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற மனுஷன், அன்றைக்கு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சரியான பதில் என்ன தெரியுமா? "தெரியலைண்ணே." அவ்வளவுதான், ஒரே வார்த்தை. ஆனால் நான் சொன்னது வேற. அந்த 'வேற'வுக்காக இரண்டு வாரம் தூக்கத்தைத் தொலைத்தேன். நான் தொலைத்தது பரவாயில்லை... அவரும் தொலைத்தார். அந்தக் கதைதான் இது.

எம்.எஸ்சி. பயோடெக், கடைசி செமஸ்டர். புராஜெக்ட் என்றால் எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு ஃபார்முலா உண்டு. ஏதாவது ஒரு இலையைப் பறி, சாறு எடு, பாக்டீரியா மேல் விடு, எத்தனை மில்லிமீட்டருக்குச் செத்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அள, பைண்டிங் போட்டுக் கொடு. துளசி, வேம்பு, கீழாநெல்லி எல்லாவற்றையும் சீனியர்களே முடித்துவிட்டார்கள். எனக்கோ பில்டப்பான தலைப்பு வேண்டும். 'கார்பன் நானோ குழாய்கள் இனப்பெருக்க ஸ்டெம் செல்களுக்கு நஞ்சாகுமா?' என்று எழுதிக் கொடுத்தேன். ஹாஸ்டலே எழுந்து உட்கார்ந்தது. "மச்சி, சாம்பிளுக்கு ஆள் வேணும்னா சொல்லு" என்று ஆளாளுக்கு ஓட்டினார்கள்.

சாம்பிளுக்கெல்லாம் ஆள் வேண்டாம் பாஸ். ஜிசி-1 என்றொரு செல் வகை இருக்கிறது. எலியின் விந்தகத்திலிருந்து எடுத்து, லேபில் ஓயாமல் பெருகுகிற மாதிரி மாற்றிய செல். மேரி-கிளாட் ஹாஃப்மன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 1992-ல் உருவாக்கியது. நியாயமாகப் பார்த்தால் அது அசல் ஸ்டெம் செல்கூட இல்லை. அதற்குச் சில படிகள் தள்ளி, விந்தணுவாகிற வழியில் பாதியில் நிற்கிற செல். ஆக, தலைப்பிலேயே நான் கொஞ்சம் ஓவராகத்தான் போயிருந்தேன். இது முதல் பல்பு. மெயின் பல்பு பின்னால் வருகிறது.

முதலில் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டை ஒரே ஓர் அணு தடிமனுக்கு உரித்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நானோ குழாய். பாய்க்குள் பாய், அதற்குள் இன்னொரு பாய் என்று செருகினால் அது பல சுவர்க் குழாய். ஜப்பானின் சுமியோ இஜிமா எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 1991-ல் கட்டுரை எழுதிய பிறகுதான் உலகமே இதன் பின்னால் ஓட ஆரம்பித்தது. எடை இல்லை, ஆனால் அசாத்திய பலம். மின்சாரமும் பாயும். லித்தியம் பேட்டரியிலிருந்து பிளாஸ்டிக் வரை சேர்க்கிறார்கள்.

இதில் நம்ம ஊர் ஆச்சரியம் ஒன்றும் உண்டு. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தெரியாமலேயே செய்த நானோ டெக்னாலஜி! "அப்புறம் என்னடா, நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க?" என்று ரூம்மேட் கேட்டான். பூச்சோடு பூச்சாக இறுகிக் கிடக்கிற குழாய் வேற, தராசுத் தட்டிலிருந்து கிளம்பி மூக்குக்குள் போகிற பொடி வேற. ஆபத்து என்பது பொருளில் மட்டும் இல்லை, அது உடம்புக்குள் வருகிற வழியிலும் இருக்கிறது.

சரி, ஏன் இனப்பெருக்கச் செல்? எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதை நெல்லில் கை வைக்காதே என்பார்கள். வயல் ஒரு தடவை காய்ந்தால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். விதை நெல் போனால் அடுத்த போகமே கிடையாது. ஆணின் உடம்பில் அந்த விதை நெல்தான் விந்து ஸ்டெம் செல். பெண்ணுக்கு முட்டைச் செல்களின் இருப்பு பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஆணுக்கு அப்படி இல்லை, வயதுக்கு வந்ததிலிருந்து கடைசி வரை உற்பத்தி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்டெம் செல் பிரிந்தால் ஒரு பங்கு விந்தணுவாகிற பாதையில் கிளம்பும், ஒரு பங்கு அடுத்த விதைப்புக்கு என்று தங்கும். கிளம்பியது முழு விந்தணுவாக மனிதனுக்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது.

விந்தகத்துக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. ரத்தத்தில் வருகிற கண்டது கடியதெல்லாம் வளர்கிற விந்தணுக்களிடம் போகாமல் செர்டோலி செல்கள் கைகோத்து நின்று கட்டுகிற சுவர். அட, பாதுகாப்பு பலமாத்தான் இருக்கு என்று தோன்றும். ஆனால் விதை நெல் இருக்கிற இடம் அந்தக் கோட்டைக்கு உள்ளே இல்லை, வெளியே! ஸ்டெம் செல்கள் சுவருக்கு வெளிப்பக்கம், ரத்த நாளங்களுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இதைப் படித்த அன்றைக்குத்தான் என் தலைப்பு எனக்கே நிஜமாகப் பிடித்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

96 குழி பிளேட்டில் செல்களை வளர்த்து, வேறு வேறு அளவில் நானோ குழாய் கலந்து, 24 மணி நேரம் விட்டு, எம்டிடி சோதனை செய்தேன். இது பயோடெக்காரர்களின் ஆத்திசூடி. எம்டிடி என்பது மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். அதைக் கரைத்து மெஷினில் வைத்தால், ஊதா அதிகம் என்றால் உயிர் அதிகம், ஊதா குறைந்தால் சாவு. சிம்பிள். அன்று மத்தியானம் ரிசல்ட் வந்தது. நானோ குழாய் போட்ட குழிகளில் ஊதா ஏறக்குறைய பாதி. அதாவது பாதி செல்கள் காலி!

லேபில் குத்தாட்டம் போடாத குறை. கட்டுரை, கான்ஃபரன்ஸ், வெளிநாட்டில் பிஎச்.டி. என்று மனசு எங்கெங்கோ பறந்துகொண்டிருந்த அதே சாயங்காலம்தான் அண்ணன் கேட்டார்.

"பண்ணுமாவா? பாதி செல்லைக் கொன்னுடுதுண்ணே! இங்க பாருங்க" என்று பிளேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் பிளேட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "ஓ" என்றார். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பக்கத்து லேப் அக்காதான் சொன்னாங்க: "உனக்குத் தெரியாதா? கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்ல. அந்தப் புள்ளைதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தனியா அலையுது. இப்ப இவரு, 'எல்லாம் இந்த லேபாலதான்'னு சோறு தண்ணியில்லாமப் படுத்திருக்காராம்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. தினமும் நான் பொடியை எடை போட்ட பிறகு தராசைத் துடைத்தது அவர்தான். அதுவும் காய்ந்த துணியால். மாஸ்க் கிடையாது. மேஜையில் கறுப்பாகப் படிந்திருந்ததை வாயால் ஊதித் தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வாரம் கைடு மேடத்திடம் ரிசல்ட்டைக் கொண்டுபோனேன். கிராஃபை ஒரு நிமிஷம் பார்த்தார். பாராட்டு வரும் என்று நின்றால் கேள்விதான் வந்தது.

"ஏம்ப்பா, செல்லே இல்லாம ஒரு கன்ட்ரோல் போட்டியா?"

"செல்லே இல்லாம எதுக்கு மேடம்?"

"போட்டுட்டு வா. அப்புறம் பேசலாம்."

செல் இல்லாத குழிகள். எம்டிடி ஊதாவாக மாற உயிர்தான் வேண்டும் என்றில்லை, வைட்டமின் சி சேர்த்தாலும் மாறும். அப்படி மாற்றி, பாதிக் குழிகளில் மட்டும் நானோ குழாயைச் சேர்த்தேன். கரைத்தேன். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன். அடியில் கறுப்பாக ஒரு கட்டி, அதில் ஊதா அப்பியிருந்தது. மேலே இருந்த தண்ணீரை மெஷினில் வைத்தால், நானோ குழாய் போட்ட குழிகளில் ஊதா குறைவு. கிட்டத்தட்ட என் பழைய கிராஃப் மாதிரியே!

புரிகிறதா? உயிரே இல்லாத இடத்தில் மெஷின் சாவு கணக்குச் சொல்கிறது. செல்கள் சாகவில்லை. ஊதாப் படிகங்கள் கரையாமல் நானோ குழாய்களில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நிறம் போனதைப் பார்த்து உயிர் போனதாக நான் எழுதிவிட்டேன்.

இந்தக் குழியில் முதலில் விழுந்த ஆள் நான் இல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே விஞ்ஞானிகள் 2006-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். மனித நுரையீரல் செல்களில் எம்டிடி சோதனை 24 மணி நேரத்தில் சுமார் 50 சதவீதம் சாவு என்று காட்ட, வேறு சாயத்தில் பார்த்தால் அந்தச் சாவே இல்லை. கார்பன் நானோ குழாய்கள் விஞ்ஞானிகளை ஏமாற்றுகின்றன என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டுரை என் பென் டிரைவிலேயே இருந்தது. தலைப்பைப் படித்துச் சிரித்துவிட்டு, உள்ளே படிக்காமல் விட்டிருந்தேன்.

தீசிஸ் கொடுக்கப் பதினைந்து நாள் பாக்கி. "விடு மச்சி. எக்ஸ்டர்னலுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது? கிராஃப் சூப்பரா இருக்கு, அப்படியே வச்சிடு" என்றான் ரூம்மேட். நிஜமாகச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் அண்ணனின் அந்த 'ஓ' மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மார்க்குக்காகப் பொய்யை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொய்யை நம்பி ஒரு மனுஷன் படுத்துக் கிடக்கிறானே, அதை என்ன செய்வது?

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை டிரிப்பான் புளூ. செத்த செல்லுக்குள் மட்டும் புகுந்து நீலமாக்குகிற சாயம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொரு செல்லாக எண்ணினேன். குறைந்த அளவு போட்ட குழிகளில், பொடி போடாத செல்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதிகபட்ச அளவில் கறுப்புத் திட்டுகள் செல்களையே மறைத்துவிட, நம்பி எண்ண முடியவில்லை. அப்படியே எழுதினேன். பார்க்க மொக்கையான ரிசல்ட்தான். ஆனால் என்னுடைய ரிசல்ட்.

அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டுமே? "நான் சொன்னது தப்புண்ணே, இது ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னால் அதுவும் பொய். எனவே உருப்படியாக உட்கார்ந்து படித்தேன், இந்த முறை உள்ளேயும்.

விந்து ஸ்டெம் செல்களின் மேல் நானோ துகள்களைச் சோதித்த முக்கியமான ஆய்வு 2005-ல் அமெரிக்காவில் வந்தது. அதே ஹாஃப்மன் அதிலும் உண்டு. ஆனால் அதில் சோதித்தவை உலோகத் துகள்கள், மோசமானது வெள்ளி. கார்பனுக்கு 2010-ல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த எலி ஆய்வு ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கலக்கும் பல சுவர்க் குழாய்களை ஆண் எலிகளின் ரத்தத்தில் திரும்பத் திரும்ப ஊசி வழியாகச் செலுத்தினார்கள். குழாய்கள் விந்தகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. 15-ம் நாள் பார்த்தால் விந்து உருவாகிற திசு மெலிந்திருந்தது. 60-ம் நாளும் 90-ம் நாளும் பார்த்தால் பழையபடி சரியாகியிருந்தது. விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் குறையவில்லை. அந்த எலிகளோடு சேர்ந்த பெண் எலிகள் வழக்கம்போல் குட்டி போட்டன. வயல் வாடியது, ஆனால் மறுபடி பச்சை கட்டியது. விதை நெல் பிழைத்திருந்தால்தானே அது நடக்கும்?

அப்பாடா என்று சாய்ந்துகொள்ள முடியுமா? முடியாது. அது ஒரு வகைக் குழாய், எலி, ஊசி, மூன்று மாதம். வருஷக்கணக்கில் பொடியை மூச்சில் இழுக்கிற மனுஷனுக்கு அது பதில் ஆகாது. குழாய்க்குக் குழாய் நீளம் மாறுகிறது, உள்ளே தங்கியிருக்கிற இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தின் மிச்சம் மாறுகிறது. நீளமான பல சுவர்க் குழாய்கள் எலியின் வயிற்றறையில் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி அழற்சியை உண்டாக்கியதாக 2008-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2014-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு குறிப்பிட்ட பல சுவர்க் குழாயை 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. மற்ற வகைகளுக்கு, முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். அதுவும் நுரையீரலை மனதில் வைத்துச் சொன்னது.

இன்னொன்றும் படித்தேன். இதில் நானோ எல்லாம் இல்லை. கலிஃபோர்னியாவில் லாத்ரப் என்ற ஊரில் ஒரு ரசாயன ஆலை. அங்கே டிபிசிபி என்ற, பயிரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் மருந்தைக் கலந்துகொண்டிருந்த தொழிலாளிகள், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டபோதுதான் தங்களில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்று கவனித்தார்கள். 1977-ல் சோதித்துப் பார்த்தால் பலருக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு, சிலருக்குச் சுத்தமாக இல்லை. வேலையை விட்ட பிறகு சிலருக்குத் திரும்பியது. நீண்ட காலம் அதில் இருந்த சிலருக்குத் திரும்பவே இல்லை. கொடுமை என்னவென்றால், எலியின் விந்தகத்தை அந்த மருந்து சுருக்குகிறது என்று 1961-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. பதினாறு வருஷம்! கட்டுரை அலமாரியில் இருந்தது, கேள்வி தொழிலாளிகளின் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது. 1979-ல்தான் அமெரிக்கா அந்த மருந்தின் பெரும்பாலான பயன்பாட்டைத் தடை செய்தது.

படித்து முடித்ததும் அண்ணனின் கேள்வி மறுபடி கேட்டது. 'இந்தக் கறுப்புப் பொடி ஆம்பளைங்களை ஏதாச்சும் பண்ணுமா?' எங்கள் டிபார்ட்மென்டில் இத்தனை பேர் நானோ, நானோ என்று அலைகிறோம். இதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

நாலாம் நாள் வேலைக்கு வந்திருந்தார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சாயம் ஏமாத்திடுச்சு. செல்லு பாதி சாகல."

"அப்ப ஒண்ணும் பண்ணாதா?"

"அதுவும் தெரியாதுண்ணே. எலிக்குக் கொஞ்ச நாள் கெட்டு, அப்புறம் சரியாயிருக்கு. மனுஷனுக்கு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லல."

"என்னப்பா படிச்சவங்க நீங்க... அன்னிக்கு ஆமாங்கிற, இன்னிக்குத் தெரியாதுங்கிற."

"அன்னிக்குத்தாண்ணே தெரியாம சொன்னேன். இன்னிக்குத் தெரிஞ்சுதான் தெரியாதுங்கறேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னேன். "குழந்தை இல்லாததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்ணே. பொடி மேலயும் பழி போட வேண்டாம், அண்ணி மேலயும் போட வேண்டாம். நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்குங்க. சாதாரண டெஸ்ட்தான். அண்ணி மட்டும் எத்தனை ஆஸ்பத்திரிதான் தனியா ஏறி இறங்குவாங்க?"

சின்னப் பையன் சொல்கிற பேச்சா இது என்று அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "வா, லேபைத் தெறக்கணும்" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த வாரமே மேடத்திடம் சொல்லி லேபில் சில விஷயங்களை மாற்றினோம். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பொடியை வெளியே எடை போடக் கூடாது, ஹூடுக்குள் மட்டும்தான். முடிந்தவரை பொடியாக வாங்காமல் திரவத்தில் கலந்ததாக வாங்குவது. காய்ந்த துணி கூடாது, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித் தனியாகப் போடுவது. என்95 மாஸ்க்கும் கையுறையும் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு மட்டும் இல்லை, கூட்டுகிறவருக்கும். எல்லாம் சேர்த்து எங்கள் ஃபேர்வெல் பார்ட்டி செலவுகூட வரவில்லை.

வைவாவில் எக்ஸ்டர்னல் என் தீசிஸைப் புரட்டிவிட்டு, "என்னய்யா, கடைசியில ஒண்ணுமே ப்ரூவ் பண்ணலையே?" என்றார். "ஆமா சார். ஆனா எது ப்ரூவ் ஆகலைன்னு ப்ரூவ் பண்ணியிருக்கேன்" என்றேன். வகுப்பில் ஏழாவது மார்க். இலைச் சாறு பசங்க எல்லாரும் எனக்கு மேலே!

டி.சி. வாங்கப் போன அன்றைக்கு லேபை எட்டிப் பார்த்தேன். ஜூனியர் ஒருத்தன் மாஸ்க் இல்லாமல் பொடி டப்பாவைத் திறக்கப் போக, பின்னாலிருந்து எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்: "டேய்! மூக்க மூடுடா மொதல்ல. நாளைக்குக் கல்யாணம் காட்சி வேணாமா உனக்கு?"

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். "டெஸ்ட் எடுத்தாச்சு தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனோம்."

ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.